பலகையில் இல்லாத பெயர்



உணவின் வரலாறு என்றால் அரண்மனை விருந்தையும் கோவில் மடைப்பள்ளியையும் பற்றித்தான் பேசுகிறோம். இன்றைக்கு நான் உங்களை ஒரு தெருக்கடைக்கு அழைத்துப் போகப்போகிறேன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், கான்சாஸ் சிட்டி நகரம், புரூக்ளின் அவென்யூ, கதவு எண் 1727. கடையின் பெயர் ஆர்தர் பிரையன்ட்ஸ் பார்பெக்யூ. அங்கே விற்பது, விறகுப் புகையில் வெந்த இறைச்சி. சைவ நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் இலையில் எதையும் வைக்கப் போவதில்லை, கதையை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

பலகையில் ஆர்தர் பிரையன்ட் என்று இருக்கிறது. அப்படியானால் கடையை ஆரம்பித்தவர் ஆர்தர் பிரையன்ட்தானா? இல்லை. அவருக்கு முன்னால் கல்லாவில் உட்கார்ந்தவர் அவருடைய அண்ணன் சார்லி. அப்படியானால் சார்லிதான் ஆரம்பித்தாரா? அவரும் இல்லை. அந்த அடுப்பில் முதல் விறகை வைத்தவர் ஹென்றி பெர்ரி என்ற ஒரு மனிதர். அவர் பெயரைப் பலகையில் தேடினால் கிடைக்காது. நம் ஊரிலும் கடைக்குப் பெயர் முதலாளியுடையது, ருசி மாஸ்டருடையது. மாஸ்டர் போனபிறகு ருசி எங்கே போகிறது? யார் கையில் போய்ச் சேருகிறது? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடையின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கடைக்குள் போவதற்கு முன் ஊரைப் பார்த்துவிடுவோம். கான்சாஸ் சிட்டி மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கிறது. 1869இல் அந்த ஆற்றின் மேல் ஹானிபால் பாலம் கட்டி முடிந்தது. மிசௌரி ஆற்றைக் கடந்த முதல் ரயில் பாலம் அது. பாலம் வந்தது, ரயில் வந்தது, ரயிலோடு மாடு வந்தது. டெக்சாஸ் பக்கத்து மேய்ச்சல் நிலங்களிலிருந்து மந்தை மந்தையாக மாடுகள் வந்து இறங்கின. 1871இல் பெரிய மாட்டுத்தொழுவங்கள் திறக்கப்பட்டன. கொஞ்ச காலத்தில் மாட்டுச் சந்தையில் சிகாகோவுக்கு அடுத்த இடம் இந்த ஊருக்குத்தான் என்று ஆயிற்று. தொழுவத்தைச் சுற்றி இறைச்சி ஆலைகள், ஆலைகளைச் சுற்றிக் கூலிவேலைக்காரர்களின் குடியிருப்புகள்.

மாட்டில் எல்லாப் பகுதியும் ஒரே விலைக்குப் போகாது. முதுகுப் பக்கத்து மெத்தென்ற கறி பணக்காரர் வீட்டு மேசைக்குப் போகும். மிஞ்சுவது என்ன? நெஞ்சுப் பகுதிக் கறி. நின்று நடந்து உடம்பைத் தாங்கிய தசை அது, நார் நாராக இருக்கும். விலா எலும்பும் மிஞ்சும், அதில் கறியைவிட எலும்பு அதிகம். இவை மலிவு. மலிவானது யாருக்கு வரும்? ஆலையில் வேலை செய்கிறவனுக்கு வரும். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வரும்.

அந்த நெஞ்சுக்கறியைச் சட்டியில் போட்டு அரைமணி நேரம் வதக்கினால் செருப்புத்தோலைக் கடிக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் இருக்கும் விறைப்பான இணைப்புத்திசுவுக்கு ஒரு குணம் உண்டு. கறியின் உள்சூடு 70 டிகிரி செல்சியசைத் தாண்டி, அங்கேயே மணிக்கணக்காக நின்றால், அது மெல்ல மெல்லக் கரைந்து கூழாகிவிடும். அப்புறம் கறி விரலால் பிய்த்தாலே பிரியும். இதற்குத் தேவை மட்டான தணல், மூடிய செங்கல் அடுப்பு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம். நாம் மொட்டைமாடியில் கரி மூட்டி, கம்பியில் கோழித்துண்டைக் கோத்துச் சுட்டுவிட்டு அதற்கும் பார்பெக்யூ என்று பெயர் வைக்கிறோம். அது வேறு சமையல், கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் சொல்லும் சமையலில் இரவு முழுக்க ஒருவன் விழித்திருக்க வேண்டும். தணல் ஏறாமலும் பார்க்க வேண்டும், அணையாமலும் பார்க்க வேண்டும். புகை கறியின் மேல்தோலைக் கறுக்கவைக்கும். அந்தப் புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்கள் தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் போடும். தெரியாதவர்கள் வேகவில்லை என்று நினைப்பார்கள். தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இந்த வித்தையைக் கான்சாஸ் சிட்டிக்குக் கொண்டுவந்து கடைபோட்டவர்தான் ஹென்றி பெர்ரி.

யார் இவர்? டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரத்துக்குப் பக்கத்தில், 1870களின் நடுவில் பிறந்தவர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பத்து வருடம்கூட முழுதாக ஆகாத காலம் அது. வாலிபத்தில் ஆற்றுப் படகுகளில் சமையல்கட்டு வேலை. மிசிசிப்பி, மிசௌரி ஆறுகளில் ஓடிய நீராவிப் படகுகளின் வயிற்றுக்குள் வெந்து வெந்து கற்றுக்கொண்ட சமையல். 1907இல் கான்சாஸ் சிட்டிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருடமே, 1908இல், ஆடை தைக்கும் ஆலைகள் இருந்த பகுதியில் ஒரு சந்தில் சின்னக் கடை போட்டார். தரையில் குழி, குழியில் ஹிக்கரி விறகும் ஓக் விறகும், மேலே கறி. வெந்த கறியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். விலை 25 சென்ட். தட்டு கிடையாது, மேசை கிடையாது.

அவர் வாட்டியது மாடு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரக்கூன், ஓபாசம் என்று நமக்குப் படத்தில்தான் தெரிந்த காட்டு விலங்குகளும் அவர் அடுப்பில் வெந்தன. தெற்கத்திக் கிராமத்துச் சாப்பாட்டுக்கு நகரத்தில் ஏங்கிய மக்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

அவருடைய சாஸ் எப்படி? காரம். அப்படி ஒரு காரம். இன்றைக்கு உலகம் முழுக்கக் கடைகளில் கான்சாஸ் சிட்டி சாஸ் என்று ஒரு புட்டி கிடைக்கிறது. தொட்டு நாக்கில் வைத்தால் வெல்லப்பாகு மாதிரித் தித்திக்கும். அந்தத் தித்திப்புச் சாஸைப் பெரிய அளவில் பரப்பியவர் ரிச் டேவிஸ் என்ற ஒரு குழந்தைகள் மனநல மருத்துவர். 1970களின் பிற்பகுதியில் அவர் உண்டாக்கிய கே.சி. மாஸ்டர்பீஸ் என்ற புட்டிதான் அந்த ஊரின் பெயரை உலகத்தின் மளிகைக்கடை அலமாரிகளில் ஏற்றியது. அதில் தவறொன்றும் இல்லை, வியாபாரம் அது. ஆனால் பெர்ரி இருந்து அதை ருசி பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார் என்பது என் கட்சி. வாடிக்கையாளர் காரம் தாங்காமல் மூச்சு வாங்குவதைப் பார்த்து ரசிக்கிறவர் பெர்ரி என்றுதான் அவரிடம் வேலை பார்த்தவர்கள் வழியாக வந்த பேச்சு.

கடை வளர்ந்தது. பதினேழாம் தெருவுக்கு மாறியது. பிறகு பத்தொன்பதாம் தெருவும் ஹைலண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனைக்குப் போனது. அங்கே அவருக்குக் கிடைத்த இடம், பழைய டிராம் வண்டிகள் நிறுத்திய கொட்டகை. அந்த இடம் எது என்று கவனியுங்கள். பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். ஜாஸ் இசையைக் கேட்டவர்களுக்கு அந்த முனையின் பெயர் தெரியும். 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தபோது, கான்சாஸ் சிட்டியில் மது தாராளமாக ஓடியது. டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தாதாவின் கையில் ஊர் இருந்தது. போலீஸ் கண்ணை மூடிக்கொண்டது. விடிய விடிய விடுதிகள், விடிய விடிய இசை. கவுன்ட் பேசி அங்கேதான் தன் குழுவைக் கட்டினார். சார்லி பார்க்கர் பையனாக அந்தத் தெருக்களில்தான் வளர்ந்தார். அதே வட்டாரத்தில், பசியோ வீதியிலிருந்த கறுப்பினத்தார் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில்தான் 1920இல் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான பேஸ்பால் தேசிய லீக் தொடங்கியது. இசை அங்கே, ஆட்டம் அங்கே. விடியற்காலையில் வாசிப்பு முடித்து வருகிறவனுக்குப் பசிக்காதா? இரவு முழுக்க வெந்த கறி அவனுக்காகத் தயாராக இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் நிறத்தால் பிளந்த ஊர். வெள்ளையர் குடியிருப்புகளில் கறுப்பினத்தார் வீடு வாங்க முடியாதபடி பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிவைத்த காலம். ட்ரூஸ்ட் அவென்யூ என்ற ஒரே ஒரு சாலை, ஊரைக் கிழக்கு மேற்காகப் பிரித்த கோடாக இன்றுவரை பேசப்படுகிறது. அப்படிப்பட்ட ஊரில், பெர்ரியின் கடை வாசலில் வெள்ளைக்காரரும் கறுப்பினத்தாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். உடனே அன்பு பெருகிவிட்டது என்று நான் கதை கட்டமாட்டேன். கறியை வாங்கிக்கொண்டு அவரவர் தெருவுக்குத்தான் போனார்கள். ஆனாலும் வரிசை ஒன்றாக இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில் இரண்டு நிறமும் ஒரே வரிசையில் நின்ற இடங்கள் எத்தனை இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

1932இல், அந்த ஊரின் கறுப்பினப் பத்திரிகையான தி கால், பெர்ரியைப் பேட்டி கண்டது. ஊரார் அவரைப் பார்பெக்யூ அரசர் என்று அழைத்த காலம் அது. சமைக்க ஒரே ஒரு முறைதான் உண்டு, ஒழுங்காகக் கட்டிய அடுப்பில், விறகு நெருப்பில் சமைப்பதுதான் அந்த முறை, அதைத்தான் நான் செய்கிறேன் என்று சொன்னார். பணிவு இல்லாத பேச்சு. எனக்கு அது பிடித்திருக்கிறது. கைத்தொழில்காரன் தன் தொழிலைப் பற்றிப் பேசும்போது பணிவு எதற்கு? அதே மனிதர்தான் ஆண்டுக்கொரு முறை கோடைக்காலத்தில் ஒருநாள் கடையைத் திறந்துவிட்டு முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காசு வாங்காமல் சாப்பாடு போட்டார்.

1940இல் பெர்ரி இறந்தார்.

இங்கேதான் பெரும்பாலான கடைகளின் கதை முடியும். மாஸ்டர் போனால் கடை போகும். பெர்ரியின் கதை ஏன் முடியவில்லை? அவர் அடுப்பைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகவில்லை, கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை எடுத்து நடத்தினார். சார்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு வருடம் கட்டிக்காத்தார், தம்பியிடம் கொடுத்தார். ஆனால் நடுவில் இப்படி ஒருவர் ஆறு வருடம் தாங்கிப் பிடிக்கவில்லை என்றால் நமக்குத் தம்பியும் இல்லை, பலகையும் இல்லை.

தம்பிதான் ஆர்தர். டெக்சாசில் பிறந்தவர். பிரெய்ரி வியூ கல்லூரியில் படித்தவர். படிப்பை முடித்துவிட்டு 1931இல், அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கான்சாஸ் சிட்டிக்கு வந்தார். வந்தவரைப் பெர்ரி வேலைக்கு எடுத்துக்கொண்டார். பட்டம் வாங்கிய பையன் கறிக்கடையில் விறகு தள்ள நின்றான். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? நம் வீடுகளில் என்ன சொல்வோமோ அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. 1946இல் கடை அவர் கைக்கு வந்தது.

ஆர்தர் என்ன செய்தார்? முதலில் குருவின் சாஸில் கை வைத்தார். எல்லோரும் சாப்பிடுகிற அளவுக்குக் காரத்தைக் குறைத்தார். குறைத்தாரே தவிர, தித்திப்பாக மாற்றிவிடவில்லை. இன்றைக்கும் அந்தச் சாஸ் செங்கல் நிறத்தில், மிளகாய்ப் பொடியும் வினிகரும் தூக்கலாக, நாக்கில் நறநறவென்று படுகிற சாஸ்தான். சர்க்கரைப் பாகை எதிர்பார்த்து வருகிற வெளியூர்க்காரர்கள் முதல் வாயில் திகைத்துப்போவார்கள். பெரிய கண்ணாடி ஜாடிகளில் அதை நிரப்பிக் கடையின் ஜன்னலோரம் வரிசையாக வைத்திருப்பார் ஆர்தர். வெயிலில் அது முதிர்ந்துகொண்டிருக்கும். விளம்பரத்துக்கு விளம்பரம், பக்குவத்துக்குப் பக்குவம்.

இரண்டாவதாக, கடையைக் கொஞ்சம் துலக்கினார். கொஞ்சம்தான். ஃபார்மிகா மேசைகள், பளிச்சென்ற குழல்விளக்கு, அவ்வளவே. துணி விரிப்பு இல்லை, பரிமாற ஆள் இல்லை. வரிசையில் நில், தட்டை வாங்கு, உட்கார். வெள்ளை ரொட்டித்துண்டின் மேல் கறியைக் கையால் அள்ளி மலையாகக் குவித்து, மேலே இன்னொரு ரொட்டியை வைத்துத் தள்ளுவார்கள். பன்றிக்கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு பக்கத்தில். கடை ரொம்பவும் பகட்டாகிவிட்டால் வாடிக்கையாளருக்குக் கூச்சம் வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

1958இல் கடை புரூக்ளின் அவென்யூவுக்கு வந்தது. கொஞ்சம் தள்ளி, இருபத்திரண்டாம் தெருவில், முனிசிபல் ஸ்டேடியம். கறுப்பின அணியான மோனார்க்ஸ் அங்கே ஆடியது. பிறகு ஏ’ஸ் என்ற அணி, பிறகு அமெரிக்கக் கால்பந்துக்குச் சீஃப்ஸ், பேஸ்பாலுக்கு ராயல்ஸ். ஆட்டம் முடிந்தால் கூட்டம் நேராகக் கடைக்கு. தோற்றாலும் ஜெயித்தாலும் பசி ஒன்றுதானே.

அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் புதிய மைதானங்கள் கட்டினார்கள். ராயல்ஸ் அணி பழைய மைதானத்தில் கடைசியாக ஆடிய பருவம் 1972. 1976இல் மைதானத்தையே இடித்துவிட்டார்கள். சுற்றியிருந்த பகுதியும் வசதி குறைந்து, ஆள் குறைந்து போனது. அந்தத் தெருவில் ஒரு கறிக்கடை தாக்குப்பிடித்திருக்க நியாயமே இல்லை.

அதே 1972இல்தான் ஒரு சங்கதி நடந்தது. கால்வின் ட்ரில்லின் என்று ஓர் எழுத்தாளர். கான்சாஸ் சிட்டியில் பிறந்து, நியூயார்க்கில் போய்ப் பேர் வாங்கியவர். பிளேபாய் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்திலேயே தலைசிறந்த உணவகம் எங்கள் ஊர் ஆர்தர் பிரையன்ட் கடைதான் என்று, கண்ணைச் சிமிட்டாமல் எழுதிவிட்டார். பாரிசில் இல்லை, நியூயார்க்கில் இல்லை, கான்சாஸ் சிட்டியில் குழல்விளக்கு எரிகிற கறிக்கடை! பிரெஞ்சு உணவகத்துக்கு மட்டும்தான் மரியாதை என்றிருந்த காலத்தில் அது குறும்பு. ஆனால் முழுக்கக் குறும்பு இல்லை. தன் வார்த்தையை நம்பித்தான் எழுதினார் என்று படிக்கிற எவருக்கும் தெரியும்.

அந்தக் கட்டுரையில் அவர் உருகி உருகி எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? நல்ல கறியைப் பற்றி இல்லை. கறி நறுக்கும்போது ஓரத்தில் கருகி, முறுகி, வெட்டித் தள்ளப்படுகிற துண்டுகளைப் பற்றி. ஆள் வரிசையில் நிற்கும்போது அந்தத் துண்டுகள் கல்லாப் பக்கத்தில் சும்மா கிடக்கும், காசு கேட்காமல் எடுத்துத் தின்னலாம். நம் வீட்டில் சட்டியடியைச் சுரண்ட அடித்துக்கொள்வோமே, அந்தச் சங்கதி. ட்ரில்லின் எழுதிய பிறகு அதற்குப் பேர் வந்தது, பேர் வந்த பிறகு விலை வந்தது. இன்றைக்குக் கான்சாஸ் சிட்டியில் கருகிய ஓரங்கள் தனிப் பதார்த்தம். பல கடைகளில் நெஞ்சுக்கறியைவிட விலை கூடுதல். ஓசியில் கிடைத்ததைப் புகழ்ந்து எழுதியே விலையேற்றிவிட்டார் மனிதர்! எழுத்தாளர்கள் செய்கிற கெடுதல்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மைதானத்துக் கூட்டம் போன சமயத்தில் படித்துவிட்டு வருகிற கூட்டம் வந்தது. விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரரான ஹாரி ட்ரூமன் சாப்பிட்ட கடை, ஜிம்மி கார்ட்டர் சாப்பிட்ட கடை என்று புகைப்படங்கள் சுவரில் ஏறின. ஆர்தர் மாறினாரா? கிளை திறந்தாரா? இல்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றார். 1982 டிசம்பரில் இறந்தார். அப்போது அந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. சொர்க்கத்தின் வாசலில் ஆர்தர் நிற்கிறார். வாசல் காக்கிற புனித பேதுரு அவரிடம், செய்த பாவம் என்ன, புண்ணியம் என்ன என்று எதையும் கேட்கவில்லை. சாஸ் கொண்டுவந்தாயா என்று கேட்கிறார்!

கடை பிறகு வேறு கைகளுக்குப் போனது. கிளைகளும் வந்தன. ருசி குறைந்துவிட்டது என்று பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். எந்த ஊரில் பழைய ஆட்கள் முணுமுணுக்கவில்லை? புரூக்ளின் அவென்யூ அடுப்பு இன்றும் எரிகிறது.

நண்பர்களே, பெர்ரியின் வழி இந்த ஒரே கடையோடு நிற்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த இன்னொருவர் ஆர்தர் பிங்கார்ட். 1946இல் ஜார்ஜ் கேட்ஸ் என்பவர் பத்தொன்பதாம் தெருவும் வைனும் சந்திக்கும் இடத்தில் ஒரு கடையை வாங்கினார். கடையோடு சேர்ந்து கிடைத்த சமையல்காரர் இந்தப் பிங்கார்ட். கேட்ஸ் குடும்பத்துக்குத் தொழில் தெரியாது, பிங்கார்ட் கற்றுக்கொடுத்தார். ஜார்ஜின் மகன் ஆலி கேட்ஸ் அதை ஊர் முழுக்கக் கிளைகளாக வளர்த்தார். உள்ளே நுழைந்தவுடன் என்ன வேண்டும் என்று உரத்த குரலில் அதட்டுவார்களே, அந்தக் கேட்ஸ் கடைகள்தான். இன்றைக்கும் கான்சாஸ் சிட்டிக்காரர்களிடம் பிரையன்ட் கட்சியா, கேட்ஸ் கட்சியா என்று கேட்டால் சண்டையே வரும். இரண்டு கட்சியும் ஒரே அடுப்பின் பிள்ளைகள் என்பதைச் சண்டை போடுகிறவர்கள் மறந்துபோவார்கள்.

ஏன் பெர்ரியின் பெயர் மறைந்தது? முதல் காரணம் எளிது. கடை கைமாறியது, பெயரும் மாறியது. இரண்டாவது காரணம், ட்ரில்லின் எழுதியபோது பெர்ரி இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தேசப் புகழ் வந்த நேரத்தில் அடுப்படியில் நின்றவர் ஆர்தர், அதனால் புகழ் அவரோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. பெர்ரியைப் பற்றி அவர் காலத்தில் எழுதியவை கறுப்பினப் பத்திரிகைகள். அந்தத் தாள்களைப் பெரிய பத்திரிகைக்காரர்கள் புரட்டவே இல்லை. பின்னால் வரலாற்றாசிரியர்கள் பொறுமையாகப் புரட்டியதால்தான் 1908ஆம் ஆண்டுச் சந்துக்கடையை நான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதிபர் பராக் ஒபாமா புரூக்ளின் அவென்யூ கடைக்கு வந்தார். தனக்குக் கடிதம் எழுதிய சாதாரண மனிதர்கள் சிலரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தொலைக்காட்சிகளில் எல்லாம் ஆர்தர் பிரையன்ட் என்ற பலகை தெரிந்தது. அதே ஆண்டில்தான் பார்பெக்யூ துறையின் புகழ்மண்டபப் பட்டியலில் ஹென்றி பெர்ரியின் பெயரைச் சேர்த்தார்கள். அவர் இறந்து அப்போது 74 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.